பாதியில் எழுந்து வந்த படம்

மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த லைன் வீடுகளுக்குப் பொதுக்குழாய் ஒன்றுதான். சாயங்காலம் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அதனால் கல்யாணமான புதிதில், எழுபதுகளின் கடைசியில், படகேறி எறணாகுளத்துக்குப் போய் நாங்கள் பார்த்த மேட்னி படம் எதற்குமே எனக்கு முடிவு தெரியாது. கிளைமாக்ஸ் நெருங்கும்போது வீட்டுக்காரர் தோளைத் தட்டுவார். போட்டைப் பிடித்து வந்து குடத்தை வரிசையில் வைக்காவிட்டால் மறுநாள் உலை ஏறாது. மற்ற படங்களால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. அந்த ஒரு மலையாளப் படம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

படத்தில் புருஷன் தினமும் பெண்டாட்டிக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பான். பாலில் என்னமோ கலக்கிறான் என்று அவளுக்குச் சந்தேகம். சந்தேகம் முற்றி, சுவரோடு பேசுகிறாள், முடியைப் பிய்த்துக்கொள்கிறாள். கடைசியில் வெட்டுக்கத்தியோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். அவன் தம்ளரோடு படியேறி வருகிறான். அந்த இடத்தில் என் தோளில் தட்டு விழுந்தது.

போட்டில் உட்கார்ந்ததும் சொன்னேன்: "கள்ளப்பய. சிரிச்சுக்கிட்டே அவளைக் கொல்லப் பார்க்கிறான்."

"அவன் பாவம்டீ. அவளுக்குத்தான் தலைக்குச் சுகமில்ல," என்றார்.

"ஆம்பளைக்கு ஆம்பளை வக்காலத்தா?"

அவர் வில்லிங்டன் தீவு தாண்டும்வரை என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்தக் கதவு. சில நாள் கழித்து, அதுவரை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், காலையில் எனக்கு முன்னால் எழுந்து சாயா போட்டு நீட்டினார். "குடி, உடம்புக்கு நல்லது." திடீரென்று என்ன கரிசனம்? அவருக்கு அந்தத் தீவில் சரக்குக் குடோனில் வேலை. எலிக்கு என்னென்னமோ மருந்து வைக்கிற இடம் அது. அப்புறம் குடிக்கிறேன் என்று மூடி வைத்து, அவர் கிளம்பியதும் சாக்கடையில் ஊற்றினேன். தினமும் இதே கதை.

ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சேச்சி குரலைத் தாழ்த்தி, "மோளே, உறக்கமொக்க உண்டோ?" என்று கேட்டாள். நான் தூங்காதது இவளுக்கு எப்படித் தெரியும்? அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். பைத்தியம் என்று இப்போதே பேர் கட்டிவிட்டால், நாளைக்கு எனக்கு ஒன்று ஆனாலும் கேட்க நாதி இருக்காது. நல்லாத்தான் திட்டம் போடுகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று துணிமணியைப் பெட்டியில் எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தி வாங்கினேன். ஆய உட்கார்ந்தால் அருவாமனையைக் காணோம். வெட்டுக்கத்தியையும் காணோம். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"அருவாமனையை எதுக்கு ஒளிச்சு வச்சீங்க? என்னை என்ன செய்யப் போறீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "உன்னை நான் என்னடீ செய்யப் போறேன்? நீதான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டிருக்க. தன்னால பேசுற. உடம்பு தேறட்டும்னு நான் போட்டுக் கொடுக்கிற சாயாவைக் கீழ ஊத்துறன்னு சேச்சி சொன்னாங்க. கத்தியெல்லாம் அவங்க வீட்லதான் கொடுத்து வச்சிருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

என்னைப் பார்த்தா? சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. ஒரே படத்தைப் பார்த்துவிட்டு நான் அந்தப் புருஷனை வீட்டில் தேடியிருக்கிறேன், அவர் அந்தப் பெண்டாட்டியைத் தேடியிருக்கிறார்.

"போய் வாங்கிட்டு வாங்க. மீன் கெட்டுப்போகுது," என்றேன்.

வாங்கி வந்தார். என் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். அவர்மேல் இருந்த பயம் எனக்கு அந்த நிமிஷமே போய்விட்டது. உட்கார்ந்து மீனை ஆய்ந்தேன். நான் முடிக்கும்வரை அவர் வாசற்படியிலேயே நின்றிருந்தார், செருப்பைக் கழற்றாமல்.