அம்மாவுடன் வார்டில் இருந்தவர்

எங்கள் அம்மா குருவிநத்தத்தில் பிறந்து உறுவையாற்றில் வாழ்க்கைப்பட்டவர். அப்பா இளவயதிலேயே இறந்துவிட, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். நான் ஸ்கேன் டெக்னீஷியன் ஆனதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர், தம் வயிற்றைப் பற்றி மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

இடது விலாவுக்குக் கீழே பாரம், இரண்டு வாயிலேயே வயிறு நிறைவது, இடது தோளில் வலி, எல்லாம் அண்ணிக்குத் தெரியும். குடலேற்றம் என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டவரும் அவரே. நீவும்போது கையில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் எனக்குப் போன் வந்தது. "இனிமே வயித்துல கை வெக்காதீங்க அண்ணி" என்றேன். அவருக்கு முதலில் தெரிந்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

அல்ட்ராசவுண்டில் நீர் நிறைந்த பெரிய பை தெரிந்தது. சிறுநீரகமா, கணையமா என்ற சந்தேகத்தை சி.டி. ஸ்கேன் தீர்த்தது. அரிதாக வரும் மண்ணீரல் நீர்க்கட்டி. நாய்களிடமிருந்து தொற்றும் புழு காரணமா என்று ரத்தம் பார்த்தார்கள், இல்லை. ரத்தக்குழாய்கள் நுழையும் இடத்திலேயே கட்டி இருந்ததால் மண்ணீரலை முழுவதுமாக எடுக்க முடிவாயிற்று. மண்ணீரல் இல்லாவிட்டால் தொற்று எளிதில் வரும் என்பதால் தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டார்கள்.

பெண்கள் வார்டில் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம். லீவு போட்டுப் பையோடு போய் நின்றேன்.

"நீ வூட்டுக்குப் போடி. அவ இருக்கட்டும்" என்றார் அம்மா.

"இன்னாம்மா, படிச்ச பொண்ண அனுப்பிட்டு மருமவள வெச்சிக்கிறே?" என்றார் நர்ஸ்.

"கட்டிக்குடுத்த பொண்ண மூத்திரம் அள்ள வுடுவாங்களா? மருமவகிட்ட இன்னா வெக்கம்?"

"எனக்கு வெக்கம் இல்லம்மா" என்றேன்.

"எனக்கு இருக்குதுடி."

அண்ணி என் பையை எடுத்துக் கொடுத்தார். "ரசம் மட்டும் நீ வெச்சி எடுத்துனு வா, பாப்பா. என் ரசத்த வாயில வெக்க மாட்டாங்க."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புற்றுநோய் இல்லை என்று பயாப்ஸி சொன்னது. ஃபைலும் ஃபிலிமும் என்னிடம் இருந்தன. தலை வாரியதும், எழுப்பி நடத்தியதும், இருமும்போது தையலைத் தாங்கிப் பிடித்ததும் அண்ணி.

அதன்பின் சில ஆண்டுகள் அம்மா நலமாக இருந்தார். சென்ற ஆண்டு மாரடைப்பில் பிரிந்தபோதும் அவர் தலை அண்ணியின் மடியில்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை மருத்துவருக்கும், ரத்தம் தந்த அண்ணனின் நண்பர்களுக்கும், வார்டு நர்ஸுக்கும் நன்றி. இந்த நினைவுக் குறிப்பில் அண்ணியையும் சேர்த்து எழுதினேன். "வூட்டு மனுசிக்கு எவனாவது நன்றி போடுவானா? வெளியாளுக்குத்தான் போடுவாங்க, எடுத்துடு" என்றார் அண்ணன்.

எடுக்கவில்லை. நன்றி, அண்ணி. நான் மகள். எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம்.