குழாய்க் கண்ணுக்கு எட்டாத மரம்

ராசா கோயில் திருவிழாவில் காகிதச் சுருளில் கச்சாங் வாங்கினால், கடைசிக் கடலையையும் தின்றுவிட்டுச் சுருளின் நுனியைக் கிள்ளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்ப்பேன். கிழவனுக்கு என்ன விளையாட்டு என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்தக் கூம்புதான் ஒரு காலத்தில் என் அண்ணியைக் காப்பாற்றியது.

அது வெள்ளைக்காரன் ஆட்சியில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். மந்தினுக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அண்ணன் இறந்த பிறகு அண்ணிதான் பால்மரம் சீவி என்னைப் படிக்க வைத்தார். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. மாட்டினால் சிறை, அல்லது இந்தியாவுக்கே கப்பலேற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளில், பகல் பத்து மணிக்கு அண்ணி ஒரு மரத்தடியில் யாருக்கோ பொட்டலம் கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகக் காவல்காரன் ஒருவன் தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டான். மறுநாள் போலீஸ் வரும் என்றார்கள்.

மேட்டிலிருந்த அவன் குடிலுக்குள் வேறு யாரும் போகக்கூடாது. காட்டிலிருந்து சுட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவன் தலையை வெளியே நீட்டுவதில்லை. மணல் மூட்டைகளுக்கு நடுவே கிழக்கு நோக்கி மட்டமாகப் பதித்த இரும்புக் குழாய் வழியாகத்தான் பார்ப்பான். அந்தக் குழாயை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தவனே நான்தான். இரண்டடி நீளம், ஆறு அங்குல வாய். அதன் வழியே தெரிவது ஒரு கூம்பு. மரம் கூம்புக்கு உள்ளேயா, வெளியேயா? தபாலில் நான் படித்துக்கொண்டிருந்த வெக்டர் கணக்கு இதற்கென்றே பிறந்தது என்று நினைத்தேன். அவ்வளவு தலைக்கனம்!

தோட்டத்து வரைபடத்தை விரித்தேன். குழாய் நோக்கும் திசையில் ஓர் அம்பு, குழாயிலிருந்து மரத்துக்கு ஓர் அம்பு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் கூம்பின் பாதிக் கோணத்தைவிடக் குறைந்தால் மரம் உள்ளே. குழாயின் எந்த ஓரத்தில் கண்ணை வைத்தாலும் குழாய் நோக்கும் திசையிலிருந்து பதினான்கு பாகைக்கு மேல் தெரியாது. அதன் கோசைன் 0.97. மரம் நேரே முந்நூறு அடி, பக்கவாட்டில் அறுபது அடி. முந்நூறைக் குழாயிலிருந்து மரம்வரையான தூரமான முந்நூற்று ஆறால் வகுத்தேன்: 0.98. கோசைன் கூடினால் கோணம் குறைவு. மரம் உள்ளேதான் இருந்தது! மூன்று தடவை போட்டும் அதே விடை. காப்பாற்றப் போய் நானே தூக்குக்கயிறு திரிக்கிறேனே என்று அழுகை வந்துவிட்டது.

அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். "இந்த மரமா? இது பள்ளத்துல இல்ல இருக்கு? பால் வாளியத் தூக்கிட்டு ஏறி வர்றதுக்குள்ள உசுரு போயிடும். ஒன் காயிதத்துல பள்ளத்தையே காணோமே தம்பி. ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆவாதுலா!"

மலைத்தோட்டத்தைத் தட்டையாக நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், மடையன். ஓடிப்போய் மட்டம் பார்த்து அளந்தேன். மரத்தடி குழாயைவிட எழுபது அடி கீழே இருந்தது. அதையும் சேர்த்தால் 0.956. மரத்தடி வெளியே! துரைக்கு என் கணக்கு விளங்கவில்லை. ஒரு தாளைக் கச்சாங் சுருளாகச் சுற்றிக் காட்டினேன். அதன் பிறகு அவரே குடிலுக்குப் போய்க் குழாயில் கண்ணை வைத்தார். மரத்தின் அடியில் நான் கட்டியிருந்த சிவப்புத் துணி அவருக்குத் தெரியவில்லை. போலீஸ் வரவில்லை.

பல வருடம் கழித்துப் போர்டிக்சன் கடற்கரையில் அண்ணியோடு உட்கார்ந்து கச்சாங் தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கணக்கைப் பற்றி வழக்கம்போலப் பெருமையடித்தேன். அண்ணி கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "ஒன் கணக்கு சரிதான் தம்பி. அவன் பாக்கல, யாரோ சொன்னதக் கேட்டுச் சொல்லியிருக்கான். ஆனா நான் குடுத்தேன்."

"யாருக்கு அண்ணி?" என்றேன்.

"பசியோட நின்னான், ரெண்டு கை சோறு. யாருன்னு கேக்காத. பள்ளத்துல நின்னா அந்தக் குழாய்க்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுதான் அங்க நின்னேன்."

கையிலிருந்த காலிச் சுருளின் நுனியைக் கிள்ளிக் கண்ணில் வைத்துக்கொண்டேன். கடல் தெரிந்தது, தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி தெரியவில்லை.