நேரம் பார்த்தவர்

1948 செப்டம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். 5.10க்குக் கோயில் குளத்தைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். 6க்குக் காபி. 7 முதல் 8 வரை பத்திரிகை. 8.30க்குக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, அடுத்த வீட்டு ரேடியோவில் செய்தி தொடங்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அரை நிமிஷம் பின்தங்கியிருந்தது, திருத்தினேன். 10க்குச் சாப்பாடு. பிற்பகல் 3.50க்கு வாசகசாலைக்குப் புறப்பட்டேன்.

இதெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதுவதல்ல. டைரியில் இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ரிக்கார்டு பிரிவில் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தவனுக்குக் குறித்துவைக்காமல் இருக்கத் தெரியாது. அன்றைக்குக் குறிக்காமல் விட்டிருந்தால் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன் என்று பல தடவை நினைத்ததுண்டு.

கார்ப்பரேஷன் தேர்தல் வந்துகொண்டிருந்தது. எங்கள் டிவிஷனில் மூன்று பேர் நின்றார்கள்: ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு புத்தக பைண்டர். எங்கள் வாசகசாலைக் கமிட்டி, மூவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி மட்டும் பேசச் சொல்வது என்று தீர்மானித்தது. யோசனை என்னுடையது. மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பியதும் நான்தான். எந்தப் பாஷையில் சொல்லிக்கொடுக்க வேண்டும்? தனியார் பள்ளிகளுக்குப் பொதுப் பணம் தரலாமா? கால்வாயை ஒட்டிய சந்திலுள்ள பெண்கள் ஆரம்பப் பள்ளியை என்ன செய்வது?

மூன்றாவது கேள்விதான் எல்லாரையும் இழுத்து வந்தது. அந்தப் பள்ளிக்கூடம் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்தது. வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டுவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கமிருக்கும் பெரிய பள்ளியோடு அதைச் சேர்த்துவிடலாம் என்று பேச்சு. சந்திலிருப்பவர்கள் பெண் குழந்தைகளைப் பாலம் தாண்டி அனுப்பமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒருவருக்குப் பத்து நிமிஷம். பத்தாவது நிமிஷம் முடிந்ததும் நான் மேஜை மணியைத் தட்ட வேண்டும். மூவரும் சொன்னதைக் கட்டம் போட்ட ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி மறுநாள் காலை வாசகசாலையில் ஒட்டுவதும் என் பொறுப்பு. மூன்று வேட்பாளர், மூன்று கேள்வி, ஒன்பது கட்டம். தாளில் முந்தின நாளே கோடு போட்டு வைத்திருந்தேன்.

வக்கீல் முதலில் பேசினார். தாய்மொழியில்தான் கல்வி என்றார். அதே மூச்சில், இங்கிலீஷ் பள்ளிகளுக்குத் தரும் பணத்தையும் நிறுத்தக்கூடாது, குழந்தையை எங்கே படிக்கவைப்பது என்பது பெற்றோர் இஷ்டம், அதில் யாரும் தலையிடக்கூடாது என்றார். கைதட்டினார்கள். பத்து நிமிஷம் ஆனபோது என் உள்ளங்கை மணிக்கு மேலே இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, தெரிந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பதுபோல லேசாகச் சிரித்தார். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சந்துப் பள்ளியைப் பற்றிக் கமிட்டி போட்டு ஆராய வேண்டும் என்று சொல்லி அவராகவே முடித்தார்.

டாக்டர் நல்ல மனிதர். சின்னப் பள்ளிக்கூடம் சீக்குப் பள்ளிக்கூடம் என்றார். குழாயும் கக்கூஸும் விளையாட இடமும் உள்ள நாலு பெரிய பள்ளிகள் போதும், மத்தியானச் சாப்பாடு போட்டால் குழந்தைகள் பாலம் தாண்டி வருவார்கள் என்றார். அவருக்கும் மணி அடிக்கவில்லை. முதலாமவருக்கு விட்டுவிட்டு இவரை நிறுத்துவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

அடுத்தவர் எழுவதற்குள் கதவோரம் நின்றிருந்த ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். கால்வாய்ப் படகுகளிலிருந்து விறகு இறக்கிச் சுமப்பவள். எங்கள் வீட்டுக்கும் விறகு கொண்டுவருவாள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது. அவளுக்கு இல்லை.

"எம் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்குது. பாலத்தாண்ட நான்தான் காலைலேர்ந்து வேலை செய்யறேன், அங்க இன்னா நடக்குதுனு எனக்குத் தெரியும். அந்தாண்ட அனுப்ப மாட்டேன். பெத்தவங்க இஷ்டம்னு இப்போ சொன்னாரே வக்கீலு, அந்த இஷ்டம் எங்களுக்கும் உண்டா இல்லியா?"

வக்கீல் தலையை ஆட்டிப் புன்னகை செய்தார். டாக்டர் தன் நகங்களைப் பார்த்தார். பதில் சொல்ல எழுந்தவர் பைண்டர்.

அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சந்து முனையில் கடை. வக்கீல்களின் சட்டப் புத்தகங்கள், பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள், எல்லாம் அவர் கையால் பைண்டு ஆனவை. என் டைரிகளும். வருஷா வருஷம் டிசம்பரில் கோடு போட்ட தாள்களை வாங்கிக் கொடுத்தால் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டுத் தருவார். வீட்டில் உருது, வெளியே எங்கள் ஊர்த் தமிழ்.

அவர் வாயைத் திறந்ததுமே பின்வரிசையிலிருந்து யாரோ, அட்டை ஒட்டறவருக்கு உள்ளே என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா என்று கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்பது டைரியில் இல்லை. சிரித்திருப்பேன்.

"உள்ள எழுதறது நீங்க, சார்," என்றார் பாய். "எத்தினி தாளு காலியா கீதுனு பாக்கறது நானு."

பிறகு பதிவேடுகளைப் பற்றிச் சொன்னார். பெண்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத் தடியாகப் பைண்டு பண்ணுவாராம். வகுப்பு ஏற ஏறத் தாளைக் குறைக்கச் சொல்வார்களாம். ஐந்தாம் வகுப்புக்கு நாலு தாள் போதும், அட்டைதான் தடிமன் என்றார். எந்தப் பாஷை என்பது அப்புறம், முதலில் பெண் நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருக்கட்டும் என்றார். கதவோரம் நின்றவள் இரண்டடி உள்ளே வந்திருந்தாள்.

"சந்துலயே ஸ்கூலுக்கு வேற எடம் கீது. யாரையும் தேடிப் போவ வேணாம். அது எங்கன்னா..."

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம். மணியைத் தட்டினேன்.

அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சரி என்பதுபோலக் கையை உயர்த்திவிட்டு உட்கார்ந்தார். யாரோ நன்றி சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. அந்தப் பெண் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். விதிப்படி செய்தேன் என்ற திருப்தியோடு நான் வீட்டுக்கு நடந்தேன்.

6.30க்குத் தாளை எழுத உட்கார்ந்தேன். என் கையெழுத்து அன்று நன்றாக வந்தது. ஒன்பதாவது கட்டத்தில், பைண்டருக்கு நேரே, ‘விவரம் கூறவில்லை’ என்று எழுதினேன். எழுதி முடித்து, தாளைத் தள்ளிப் பிடித்து அழகு பார்த்தேன்.

அப்புறம் டைரியை எடுத்தேன். கூட்டத்தில் குறித்த துண்டுச் சீட்டைப் பார்த்து எழுதினேன். வக்கீல் 4.42 முதல் 5.05. டாக்டர் 5.07 முதல் 5.21. பாய் 5.24 முதல் 5.34. பக்கத்தில் கழித்துப் போடுவது என் வழக்கம். இருபத்துமூன்று. பதினாலு. பத்து.

அந்த மூன்று எண்களையும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். மூவருக்கும் ஒரே விதி என்று கேள்வித் தாளில் அடிக்கோடிட்டு எழுதியவன் நான். விதி ஒருவருக்கு மட்டும் பொருந்தியிருந்தது.

மனைவி விளக்கேற்றிவிட்டு வந்து, யார் யார் பேசினார்கள் என்று கேட்டாள். சொன்னேன். வக்கீல் நீளமாகப் பேசிவிட்டார், மணி அடிக்கவில்லை என்றும் சொன்னேன்.

"நம்ம பொண்ணுக்கு ஸ்கூல்ல இடத்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாரே, அவர்தானே?"

"ஆமாம்."

"அப்போ எப்படி அடிப்பேள்?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எனக்காக ஒரு சமாதானம் தேடித்தான் சொன்னாள்.

ஜூன் மாதத்துப் பக்கத்தைத் திருப்பினேன். அதுவும் இருந்தது. பெண் ஆறாவது முடித்திருந்தாள். எங்களுக்குப் பக்கத்திலிருந்த ஹைஸ்கூலில் இடமில்லை என்றார்கள். கிடைத்த பள்ளிக்கு டிராம் ஓடும் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். நான் வக்கீல் வீட்டு வராந்தாவில் முக்கால் மணி நேரம் நின்று, அவர் கையால் ஒரு சீட்டு வாங்கி, அதைக் காட்டிப் பக்கத்து ஹைஸ்கூலிலேயே இடம் வாங்கினேன். காரணம் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்: ‘பெண் குழந்தை. ரோட்டைத் தாண்ட விடுவதற்கில்லை.’

விறகுக்காரி கேட்டது இதே வாசகம். பாலம் என்று சொன்னாள், அவ்வளவுதான். அவளுக்கு யார் வராந்தாவிலும் போய் நிற்க வழியில்லை. கூட்டத்தில் எழுந்து கேட்கத்தான் வழி இருந்தது. அதற்குப் பதில் வரும் நேரத்தில் நான் மணி அடித்தேன்.

தேர்தலில் வக்கீல்தான் ஜெயித்தார். கமிட்டி போட்டார்களோ இல்லையோ, மறு வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்கப்புறம் விறகுக்காரியோடு அவள் பெண்ணும் சின்னக் கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தாள். மணி அடிக்காமல் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் போட்டபடிதான் போட்டிருப்பார்கள். இப்போது எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டது. ஆனாலும் விறகுக்காரியின் மகள் விறகை இறக்கும்போது நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன்.

கூட்டம் நடந்த அன்று ராத்திரி தாளைக் கிழித்துப் புதிதாக எழுத நினைத்தேன். ஆனால் எழுத, பாய் சொல்லவிருந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. தாளைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 27, திங்கள். 4.45க்கு எழுந்தேன். நடக்கப் போகவில்லை. காபியும் குடிக்கவில்லை. முதல் வேலையாகப் பாய் கடைக்குப் போனேன். அவர் அடுப்பில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்; பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட மைதாப் பசை.

"இன்னா ஐயரே, செப்டம்பர்லயே டைரி முடிஞ்சிபோச்சா?"

மூன்று எண்களையும் சொன்னேன். காரணத்தையும், ஜூன் மாதச் சீட்டு உள்பட, சொன்னேன். அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. பசை இறுகியதும் சட்டியை இறக்கிவைத்தார்.

"இருபத்துமூணுல பத்து போனா பதிமூணு. எனக்குப் பதிமூணு நிமிஷம் வரணும். வாச்சை எடுங்க."

எடுத்தேன். அவர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"எடம் எங்கன்னா, உங்க தலைக்கு மேல. மாடி. நீங்க ஏறிப் பாத்திருக்கீங்க, அட்டை காயப் போடற எடம். ரெண்டு ஹாலு, காத்தோட்டம், பின்னால தனிப் படி. அட்டையை நான் கீழ காயவெச்சிக்கிறேன். பொண்ணுங்க மேல படிக்கட்டும். இதான் நேத்து சொல்ல வந்தது." வாச்சைக் காட்டி, "எவ்ளோ ஆச்சு?" என்றார்.

"ஒரு நிமிஷத்துக்கும் குறைச்சல், பாய்."

"அவ்ளோதான் மேட்டரு. மீதி பன்னெண்டை நீங்களே வெச்சிக்குங்க. அடுத்த தபா யாருக்கனா வேண்டியிருக்கும்."

அவருடைய பலகை மேல் தாளை விரித்தேன். ரிக்கார்டு பிரிவில் தப்பை அழிக்கக் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். ‘விவரம் கூறவில்லை’ என்பதை அப்படி அடித்தேன். அதற்கு மேலே அவர் சொன்னதை எழுதினேன். தாளின் அடியில் மூவருடைய நிமிஷங்களையும் வரிசையாகப் போட்டு, ‘நேரம் பார்த்தவர்’ என்று எழுதி, முழுக் கையெழுத்தும் இட்டேன். பாய் ஒரு விரல் பசையை எடுத்துத் தாளின் நாலு மூலைக்கும் தடவிக் கொடுத்தார். அது காய்வதற்குள் வாசகசாலைக்குப் போய் ஒட்டினேன்.