பெயிண்ட் வாளித் தக்காளி

அந்தத் தெருவில் பார்லர் அக்காவிடம் தலையைக் கொடுக்காத பெண் இல்லை. குழந்தைக்கு முதல் கிராப் வெட்டுவதும் அவள்தான், அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு நரையை மறைப்பதும் அவள்தான். வாய் சும்மா இருக்காது. கை அதைவிடச் சும்மா இருக்காது. அவளுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. இரண்டு பக்கமும் சமமாக இருந்தாக வேண்டும். வெட்டி முடித்த பிறகும் சீப்பைக் குறுக்கே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அதை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கழுத்துத் துணியை அவிழ்ப்பாள். அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கிறுக்குதான். பிறகு அவளைக் கவிழ்த்ததும் அதேதான்.

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. லேசான பக்கவாதம் என்றார் மருத்துவர். நடை சீக்கிரமே திரும்பிவிட்டது. "பேச்சுதான் போகவே இல்லை" என்று, வீட்டுக்கு வீடு வயரிங் வேலை பார்க்கும் அவள் கணவர் வருத்தப்படுகிறவர்போல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கை மட்டும் முரண்டு பிடித்தது. விரல்கள் ஒன்று பிடிக்காமல் விட்டன, இல்லையென்றால் பிடித்ததை நசுக்கின.

கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம். பொறுமைக்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம்? தங்கையோடு சேர்ந்து நடத்தும் கடைக்குப் போய், தன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டாள். முதலில் வந்தது ஒரு வங்கிக்கார அம்மாள். இடது பக்கம் கத்தரி சறுக்கியது. அதற்குச் சரியாக வலது பக்கத்தைக் குறைத்தாள். வலது கூடுதலாகக் குறைந்தது. மறுபடி இடது, மறுபடி வலது. தோளுக்குக் கீழே தொங்கிய முடி காதுக்கு மேல் ஏறிவிட்டது. அந்த அம்மாள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதாள்.

கடை காலியானதும் தங்கை மெதுவாகக் கத்தரியை வாங்கி இழுப்பறையில் போட்டாள்.

"அக்கா, நீ வீட்ல இரு. கை சரியாகட்டும்."

"கை சரியில்லைன்னு யாரு சொன்னா?"

"கண்ணாடி சொல்லுச்சுக்கா. ஆறு மாசம் பாக்கறேன். அதுக்கு மேல நாற்காலிய காலியா வெக்க முடியாது. ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

அன்றிலிருந்து அந்த நாற்காலிதான் அக்காவின் நினைப்பு முழுக்க. கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். "இத அமுக்கி யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று மூன்றாம் நாள் அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். நாற்றுக்கடைக்குப் போய் ஒரு செர்ரி தக்காளி நாற்றை வாங்கிவந்தாள். கிள்ளிக் கிள்ளி வளர்க்கிற செடி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விரல் பழக அது போதும் என்பது அவள் கணக்கு.

கணவர் ஒரு பழைய பெயிண்ட் வாளியின் அடியில் டிரில் போட்டு ஓட்டைகள் இட்டார். பால்கனியில் வெயில் விழும் மூலையில் வாளி உட்கார்ந்தது. செடி மளமளவென்று வளர்ந்தது. இலைக்காம்பு தண்டோடு சேருகிற ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு குருத்து முளைத்தது. அதையெல்லாம் கிள்ளி எறிந்து ஒற்றைத் தண்டாக ஏற்ற வேண்டும் என்று செல்போனில் ஒருவர் வீடியோ போட்டிருந்தார்.

"அக்குள்ல முளைச்சத எடுக்கறது உனக்குப் புதுசா என்ன?" என்றார் கணவர்.

"போய் உங்க ஃபியூஸப் பாருங்க."

இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் கிள்ளினாள். குருத்தைப் பிடித்தால் இலை வந்தது. இலையைப் பிடித்தால் கிளையே வந்தது. வந்தது வந்துவிட்டது, எதிர்ப்பக்கத்திலும் ஒன்றை எடுத்துச் சமமாக்கினாள். ஒரு மாதத்தில் குச்சியும், உச்சியில் நாலு இலையும் மிஞ்சின.

அக்கா செல்போனில் எடுத்துக்கொண்டு போன செடியின் படத்தைப் பார்த்துவிட்டு நாற்றுக்கடைக்காரி தலையில் கை வைத்தாள். "என்னம்மா இப்படி மொட்டை அடிச்சு வெச்சிருக்கீங்க? கொடி மாதிரி ஏறுற வகைக்குத்தான் அப்படிக் கிள்ளணும். இது புதர் வகை. நீங்க கிள்ளிப் போட்டீங்களே, அதுலதான் காய்க்கும்."

வீட்டுக்கு வந்து அக்கா வாளியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். வங்கிக்கார அம்மாளின் தலைதான் அந்த வாளியில் நின்றுகொண்டிருந்தது. கை கெடுத்தது பாதி, தன் கிறுக்கு கெடுத்தது மீதி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கணவர் சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்தார். கடைசியாகக் கிள்ளிய கிளைகளைக் கீழே போட மனமில்லாமல் அவர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை வெள்ளையாக வேர் தொங்கியது.

"உன் கடையில வெட்டினது குப்பைக்குப் போகும். இது பாரு, மறுபடி கிளம்பிடுச்சு."

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "இன்னும் ரெண்டு வாளியில ஓட்டை போடுங்க."

இந்த முறை அவள் தனக்கே கடிவாளம் போட்டுக்கொண்டாள். மண்ணைத் தொடும் கீழ் இலை, பழுத்த இலை, நடுவில் காற்றுப் புக விடாமல் நெருக்கும் ஒன்றிரண்டு குருத்து. இவற்றைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. செடிகள் புதராக மண்டின. ஒன்று இடது பக்கமே சாய்ந்து பூத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் விரல்கள் துறுதுறுக்கும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். சாய்ந்த கிளைக்கு ஒரு குச்சி நட்டு, கிழிந்த கழுத்துத் துணியின் நாடாவால் தளர்வாகக் கட்டினாள்.

காய்த்தது. கொத்துக் கொத்தாக, இலைக்கு இலை காய்த்தது. ஆனால் பறிப்பதற்குள் அவள் உயிர் போனது. மெல்லிய தோல், கொஞ்சம் அழுத்தினாலும் சட்டென்று வெடித்து முகத்தில் அடிக்கும். பயந்து தளர்த்தினால் காம்பை விட்டு வராது. நைட்டி முழுக்கத் தக்காளிக் கறை. விடவில்லை. தினமும் காலையில் அவளும் வாளியும் மல்லுக்கு நின்றார்கள். உடையாமல் வந்த முதல் பழத்தைக் கணவரின் உள்ளங்கையில் வைத்தபோது அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொருள்.

"அந்தப் பொண்ணு நாளைக்கு வரேங்கறாக்கா. இழுப்பறைய காலி பண்ணேன். உன் கத்தரி."

சொல்லும்போது அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா பால்கனிக்குப் போய், வலது கையால் ஒவ்வொன்றாகப் பறித்து ஒரு கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. தங்கை கிண்ணத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"உக்காரு" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"முன்முடி கண்ணுல விழுது. ஆறு மாசமா யார்கிட்டயும் வெட்டிக்கலையா நீ?"

தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா கத்தரியை எடுத்துக்கொண்டு, அது சுற்றியிருந்த துண்டை அவள் கழுத்தில் போர்த்தினாள். கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கத்தரி நெற்றியின் குறுக்கே மெதுவாக நகர்ந்தது. வழியில் ஒருமுறை நடுங்கியது, நின்றது, பிறகு போனது.

அக்கா ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"இடது பக்கம் ஒரு நூல் ஏறிடுச்சு."

தங்கை கண்ணைத் திறக்காமலே, "சரி, அந்தப் பக்கத்தையும் ஏத்திடு" என்றாள். அவள் கை ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

கத்தரி வலது பக்கம் போனது. அங்கேயே நின்றது. பிறகு அக்கா அதை மூடிக் கீழே வைத்தாள்.

"வேணாம். இருக்கட்டும். வளரும்."

தங்கை செல்போனில் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பொண்ண வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றாள்.

அக்கா துண்டைப் பால்கனியில் உதறிவிட்டு வந்து, கத்தரியைத் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் கடைய எத்தனை மணிக்குத் திறக்கற?"