அத்தையின் டி டிரைவ்

பழுதுபார்ப்புக்கென்று விமானப்படை வைத்திருந்த விதிமுறைகளையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, நாற்பது வயதுக்குள் ஓய்வும் பெற்றுவிட்டேன். அவற்றில் எதுவும் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் அத்தை அதையெல்லாம் முன்பே செய்து முடித்திருந்தாள்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கையில், அழைப்பிதழும் நோட்டீஸும் அடித்துக் கொடுப்பதற்காக அத்தை ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். வாங்கிய அன்றே ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கச் சொன்னாள். சி-யில் விண்டோஸ், டி-யில் அவள் வேலை.

"பொட்டி வீட்டுக்குள்ள வருமுன்னயே பாகம் பிரிச்சாச்சா?" என்றார் சித்தப்பா.

முதல் பெரிய வேலையாகச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் வந்தது. யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்று, கொடைக்கு வரிப்பணம் கட்டுகிற வரிக்காரர்கள் சண்டை போட்டு ஓய்ந்து, ஒப்புக்கொண்ட வரிசையை அத்தை அடித்து முடித்திருந்தாள். அச்சுக்குப் போக வேண்டிய அன்று, சித்தப்பா எங்கிருந்தோ கொண்டுவந்த பாட்டு சிடியைப் போட்டார். பாட்டோடு வைரஸும் வந்தது. கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவில்லை. அந்த வரிசையை மறுபடி பேச உட்கார்ந்தால் கொடையே நின்றுபோகும். அத்தையை நம்பி யாரும் இனி வேலை தரமாட்டார்கள்.

சி-யை மட்டும் அழிக்க அத்தை உட்கார்ந்தாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது.

"யக்கா, அதுவே சொல்லுது. வேண்டாம்னு அமுக்கு!"

"ஒன் சிடிய எடுத்துக்கிட்டு அங்கன போய் உக்காருலே."

அழித்தாள். விண்டோஸை மறுபடி ஏற்றி, டி-யைத் திறந்தாள். நோட்டீஸ் இருந்தது. ஆனால் ஒரு வரி தமிழ் இல்லை; ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொக்கியுமாகக் கிடந்தது.

"சுடலைக்கு இந்த வருசம் இங்கிலீஷ்லயா கொடை?"

"தமிழ் எழுத்து சி-யோட போச்சுலே. இங்கனயும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

டி-யிலிருந்து அந்த எழுத்துருவை ஏற்றியதும், வரிக்காரர்கள் அத்தனை பேரும் அவரவர் இடத்தில் மீசையோடு வந்து நின்றார்கள்.

நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பள்ளிக்கூடம் போகிற வழியில் கூட்டாளிகளை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். கடைசி வரியில் 'ஒளியச்சு' என்று போட்டு அத்தையின் பெயர், எறும்பு ஊர்கிற மாதிரி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இவ்வளவும் செஞ்சிட்டு இத்துனூண்டு எழுத்துலயா போடுவ?" என்று அன்று சாயங்காலம் அவளிடம் சண்டைக்குப் போனேன்.

"இருக்குல்லா?" என்று சிரித்தாள்.

எங்கள் கோயிலில் வரி ஆண்களுக்கு மட்டுந்தான். பேச்சியம்மனை விட்டால் அந்த நோட்டீஸில் இருந்த ஒரே பெண் பெயர் அதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.