மாரியாத்தா முதலாளியாக இருந்த காப்பிக்கடை

வாழ்நாளில் ஒரே ஒரு சட்ட மசோதாவுக்கு நான் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறேன். அதுவும் ஒரு தெய்வத்தின் சார்பில். பெரிய வக்கீல்களுக்கே கிடைக்காத கட்சிக்காரர்.

அப்போது மலாயாவில், லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். எமர்ஜென்சி காலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சாயங்காலமானால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வெளியே போக முடியாத ஜனங்களுக்கு வம்பளக்க ஓர் இடம் வேண்டாமா? சில குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடை போட்டன.

கடை போட்டது சுலபம். யார் பெயரில் என்பதில்தான் கைகலப்பு வரைக்கும் போயிற்று. கூட்டாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்திகள்; ஆகவே ஒருவர் பெயரை இன்னொருவர் ஒப்புக்கொள்வதற்கில்லை. கடைசியில் தோட்டத்துக் கோயில் மாரியம்மனையே முதலாளி ஆக்கினார்கள். யாருக்கும் சம்பந்தி ஆகாத ஆள் அவள் ஒருத்திதான். கல்லாவுக்கு மேலே அவள் படம், தினமும் முதல் டம்ளர் காப்பி அவளுக்கு, லாபத்தில் ஒரு பங்கு திருவிழாவுக்கு.

கடையை நடத்தியது ஓர் அக்கா. தோட்டத்துக்கே அக்கா, என்னைவிட இளையவர் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மேட்டுக்காட்டில் ரப்பர் பால் வெட்டும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. துரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கடை நடக்கிறவரை லயத்தில் இருந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. கடை போனால் வீடும் போகும்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் செய்தி வந்தது. மாநிலக் கவுன்சிலில் வியாபாரங்களைப் பற்றி ஒரு மசோதா வரப்போகிறதாம். எந்தக் கடையானாலும் பதிய வேண்டும். கூட்டாளிகள் அத்தனை பேரும் ஐ.சி. என்கிற அடையாளக் கார்டோடு நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். தவறினால் கடையை மூடிவிடுவார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் மாநிலத் தலைநகர் சிரம்பானுக்கு வந்து சொல்லலாம்.

கூட்டாளிகளில் ஒருவரும் எங்கள் தோட்டத்துக் கங்காணியுமான மண்டோர் பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். "கிராணியாரே, ஆத்தாவுக்கு ஏது ஐ.சி.? ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயா படம் பிடிக்கிறது?"

பின்னால் நின்ற அக்கா, "சிரிப்பு உங்களுக்கு. கடையை மூடினா நான் எங்க போய்ப் படுக்கிறது?" என்றார்.

என்னிடம் ஒரு கம்பெனிச் சட்டப் புத்தகம் இருந்தது. முதல் பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது. மிச்சத்தை நான் படித்திருந்தேன். அந்தத் தைரியத்தில், "நான் பேசுகிறேன்" என்றேன்.

ரோட்டுச் சோதனைகளில் ஏறி இறங்கி மூன்று பேரும் சிரம்பான் போய்ச் சேர்ந்தோம். அந்த வெயிலில் நான் கோட்டுப் போட்டிருந்தேன். விசாரித்த மலாய் அதிகாரி பொறுமைசாலி. கம்பெனி என்பதே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள்தான், அதற்கு உடம்பு கிடையாது, சாவும் கிடையாது, இருந்தாலும் சொத்து வைத்துக்கொள்ளலாம், அப்படியிருக்க மாரியம்மனுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று ஆரம்பித்தேன். இந்தியாவில் கோர்ட்டுகளே சாமியைச் சட்டப்படி ஓர் ஆளாக ஒப்புக்கொண்டிருப்பதையும் சொன்னேன். எனக்கே புல்லரித்தது.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கடையிலிருந்து வேலிக்கு வெளியே ஒரு பால் டின் போய்விட்டால், நான் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது?"

கரையான் தின்ற பாதியில் அதற்குப் பதில் இருந்திருக்கலாம்.

"மூச்சுவிடுகிற பெயர் ஒன்று வேண்டும். இது இன்னும் மசோதாதான். சட்டமாவதற்குள் உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள்" என்று அனுப்பிவைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் மண்டோர், "எந்த வீட்டுப் பேரைப் போடுறது?" என்று பழைய சண்டையைத் தொடங்கினார். எந்த வீட்டையும் சேராத அக்கா பெயரைப் போடலாமே என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மறுக்கக் காரணமும் கிடைக்கவில்லை. "ஆத்தாகிட்ட உத்தரவு வாங்காம முடியாதுலா" என்றார்.

வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம். கேள்வியைப் படிக்கும் பொறுப்பு படித்தவன் என்ற முறையில் எனக்கு வந்தது. எழுதியே கொண்டுபோயிருந்தேன். முதலாளி ஸ்தானத்திலிருந்து விலகச் சம்மதமா, அந்த இடத்தில் அக்காவை வைக்கச் சம்மதமா, மேற்படி மசோதா சட்டமாகாமல் தடுத்துத் தரவும் சம்மதமா என்று ஒரே மூச்சில் கேட்டேன். பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெள்ளைப்பூ வந்தது.

"எதுக்குச் சம்மதம்?" என்றார் மண்டோர்.

கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. மூன்று கேள்வியை ஒரே பூவில் கட்டக் கூடாது என்பது, அடுப்பூதுகிற பெண்களுக்கெல்லாம் தெரிந்த விஷயமாம். மறுபடி கேட்டால் ஆத்தாவைச் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று பூசாரி கையை விரித்தார்.

"கடைசியாக் கேட்டதுக்குத்தான் பதில். சட்டம் வராது. அப்புறம் எதுக்குப் பேரை மாத்தணும்?" என்றார் மண்டோர்.

"வந்துட்டா?" என்றார் அக்கா.

சட்டம் வந்து கடை மூடினால் காப்பிக்கு எங்கே போவது என்ற பயத்தில், மற்றக் கூட்டாளிகள் அக்கா பக்கம் சாய்ந்தார்கள். அவர் பெயரில் பலகை எழுதி மாட்டினோம். கூட்டாளிகளின் பங்கு பங்காகவே இருந்தது. அம்மனுக்கு முதல் டம்ளரும் நிற்கவில்லை.

சில மாதங்களில் மசோதாவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. என் ஆட்சேபத்தால் என்று நான் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால் மறுக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே மண்டோர் கடைக்கு வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். "பாத்தியா, நான் சொன்ன மாதிரியே சட்டம் வரல. பலகையை இறக்கிடு. பழையபடி ஆத்தா பேரே இருக்கட்டும்."

அக்கா காப்பியை ஆற்றிக்கொண்டே, "கிராணியார் கேட்டது மூணு. ஆத்தா சரின்னுட்டா. இப்ப சட்டமும் வரல, ஆத்தாவும் விலகிட்டா, நானும் உக்காந்திருக்கேன். இதுல எது நடக்கலண்ணே?" என்றார்.

மண்டோர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

"வடை சூடா இருக்கு. வைக்கவா?"

மண்டோர் பெஞ்சில் உட்கார்ந்தார். "ரெண்டு வை" என்றார்.