ஜெபத்தில் என் கையைப் பிடித்தவள்

என் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூச்சுத் திணறலோடு வருகிறவர்களை வைத்திருக்கும் வார்டில் அவளுக்கு வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மூச்சை எண்ணுதோம்னு தெரிஞ்சா ஆளுக மாத்தி விடுவாங்கம்மா. அதனால நாடி பாக்க மாதிரி கையப் பிடிச்சுக்கிடணும். கண்ணு மட்டும் நெஞ்சுல இருக்கணும். ஒரு நிமிஷம்."

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. இந்த வருஷம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து பேர் போய்விட்டார்கள். டியூட்டி முடிந்து வந்து, ஏணி ஏறி மாளா என்கிற மேல்மச்சில் படுக்கிறாள். புரளுகிற சத்தம்தான் கீழே கேட்கிறது. தூக்கமே இல்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். வியாழக்கிழமை அரை மணி நேரம் கண்ணை மூடி, அவரவர் மூச்சைக் கவனிக்க வேண்டுமாம்.

"மூச்சு விடுததுக்கும் கிளாஸா?" என்றார் என் வீட்டுக்காரர். "கூட ரெண்டு நர்ஸைப் போடச் சொல்லுட்டி, மூச்சு தன்னால வரும்."

"உங்களுக்கு எல்லாம் கேலிதான்" என்று அடக்கினேன். நான் எட்டாவது வரை படித்தவள். அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனாலும் கண்ணை மூடி அமைதியாக இருப்பது ஜெபம் மாதிரித்தானே? கர்த்தர் ஒரு வழி திறந்தார் என்று ஸ்தோத்திரம் பண்ணினேன்.

மூன்றாவது வாரம், "நல்லா இருக்காட்டி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. கண்ண மூடுனா எண்ண ஆரம்பிச்சிருதேன். என் மூச்சு, பக்கத்துல இருக்கவ மூச்சு, எல்லாத்தையும். எண்ணாம சும்மா பாருங்கங்காங்க டீச்சர். நின்னுருமோன்னுதானம்மா நாங்க பாக்கது. சும்மா எப்படிப் பாக்க?"



சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டேன். பல நாளாக ஒதுங்கியே இருந்தவள், வந்து உட்கார்ந்து, அவளாகவே என் கையைப் பிடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அப்பா சத்தமாக ஜெபிக்க, நான் மனதுக்குள், என் பிள்ளைக்குத் தூக்கத்தைக் கொடும் ஆண்டவரே என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்கத் திறந்தபோது பார்த்தேன். அவள் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. பார்வை என் நெஞ்சில் இருந்தது.

"எத்தனட்டி?"

"இருவத்திரெண்டு. கொஞ்சம் கூடத்தான். ஏணியில ஏறுனீங்களோ?"

வகுப்பு முடிந்து சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். தூக்கம் வரவில்லை. நான் கேட்டதும் கிடைக்கவில்லை. தினமும் ஜெபத்துக்கு வருகிறாள், கையைப் பிடிக்கிறாள். அவள் பயந்துவிடக் கூடாதே என்று நான் மெதுவாக, ஒரே சீராக மூச்சு விடப் பார்க்கிறேன். அந்தக் கவனத்தில் ஆண்டவர் பக்கம் மனம் போவதே இல்லை.

நேற்று காதோரமாகச் சொன்னாள்:

"எம்மா, வேணும்னே மெதுவா விடாதீங்க. கணக்கு தப்புது."

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.